வெண்மதியின் கோட்டு

வெண்மதியின் கறுப்புக் கோட்டு ஆளில்லாமல் கோர்ட்டுக்குக் கிளம்பியதை நேரில் பார்த்தவர்கள் நான்கு பேர்: அப்பா தனகோடி, அம்மா அம்சவல்லி, டவுன் பஸ் கண்டக்டர் கண்ணையன், அன்றுதான் பள்ளிக்கூட வேலைக்குப் புறப்பட்டு நின்ற வெண்மதி. கோட்டு ஆணியிலிருந்து இறங்கி, கேஸ் கட்டை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறியது. கண்ணையன் ஒரு கணம் யோசித்தான். "லேடீஸ் கோட்டுதானேங்க? ஃப்ரீதான்" என்று விசில் அடித்தான்.

தனகோடிக்கு அது பெரிய ஆறுதல். அவருடைய அப்பாவரை மூன்று தலைமுறை அடுத்தவர் வயலில் குனிந்தே நின்றது. தனகோடிதான் சுரங்கத்தில் முப்பத்தாறு வருடம் ஷிப்ட் பார்த்து நிமிர்ந்தார். மகள் வழக்கறிஞரானதும் வீட்டு எண்ணைவிடப் பெரிய எழுத்தில் வாசலில் பலகை மாட்டினார். அந்த மகள்தான் ஆறு வருடம் கழித்து, பி.எட். முடித்துவிட்டேன், ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கப் போகிறேன் என்றாள். "டீச்சர் வேலைக்கா இத்தினி படிச்ச? பலகைக்கு என்னா பதில் சொல்றது?" என்று கேட்டார். "ஆறு வருசமா வாய்தா வாங்கினதுதான்ப்பா மிச்சம்" என்றாள். போகட்டும், குடும்பத்தில் கோட்டாவது தொழிலைக் கைவிடவில்லை. தினமும் அதை இஸ்திரி போட்டு அவரே பஸ் ஏற்றிவிட்டார்.

எந்தக் கோர்ட் என்று சொல்வது மரியாதையாக இருக்காது. அங்கே மூன்று வருடம் கோட்டு எழுந்து நின்றது, காலரைத் தாழ்த்தியது, வாய்தா வாங்கியது. வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை. முன்பைவிடச் சுருக்காக வேலை முடிகிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள்கூடப் பாராட்டினார்கள்.

முந்திரித் தோப்புக்குப் போகிற வழிக்காக ஒன்பது வருடமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த கட்சிக்காரி சின்னம்மாள்தான் கெடுத்தாள். ஒருநாள் கோட்டின் கையைப் பிடித்து, "அந்த வழில எனக்கு உரிமை கீதா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றாள். கோட்டுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அது பஸ் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. பத்துப் பேர் பார்க்க வக்கீல் இல்லாத வீடாகிவிடுமே என்று தனகோடி பின்னாலேயே ஓடினார். ஒன்பதாம் வகுப்பில், கடைசி பெஞ்சில், கோட்டு வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. வெண்மதி கரும்பலகையில் 'உரிமை' என்று எழுதியிருந்தாள்.

"ஏய், எழுந்து வா!" என்று ஜன்னலில் அதட்டினார்.

"கிளாஸ் நடக்குதுப்பா. சத்தம் போடாம வெளிய நில்லுங்க."

ஃபோர்மேனாக இருந்தவர், மணி அடிக்கும்வரை நின்றார். நின்றதில் பாடம் முழுவதும் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட கோட்டோடு டிபன் பாக்ஸும் அனுப்பினார். யார் சாப்பிட்டார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. பலகை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. 'ஆசிரியை' என்பதை அதே பெரிய எழுத்தில் மேலே சேர்த்திருக்கிறார். சின்னம்மாள் வேறு வக்கீலைப் பார்த்து, ஐந்து மாதத்தில் வழி வாங்கிவிட்டாள்.

காலாண்டுத் தேர்வில் கோட்டு பெயிலாகிவிட்டது என்று சுரங்க நகரியத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. சமூக அறிவியலில் அறுபத்திரண்டு. பெற்றோர் கையெழுத்து: தனகோடி.