சீட்டுப் போடாமல் எடுத்த கட்டி

வரிசையில் நிற்காமல் காரியத்தை முடித்துக்கொண்ட கெட்டிக்காரி நான்தான். வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

என் கணவன் வுகாஷினுக்குக் கழுத்தோரம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வந்தது. பொது மருத்துவமனையில் ஐந்து வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். உடனே ராதோயேவுக்கு போன் போட்டேன். அவர் அங்கே அறுவை மருத்துவர். அதற்கும் மேலே, எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர்; அப்படிப்பட்டவரைக் 'கூம்' என்போம். எங்கள் சாச்சக் ஊரில் கூமின் பேச்சைத் தட்டினால் பெற்ற தாய்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"அட, இதுக்கா இப்படிப் பதறுறே தெசாங்கா? சனிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வா. சீட்டெல்லாம் போட வேண்டாம்" என்றார்.

பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். அறுத்த சதை பச்சை நிறமாக இருந்தது. "பழைய சீழு, உறைஞ்சு கெடக்கு" என்று குப்பையில் போட்டார். பதிவேட்டில் பெயரே இல்லாதவனின் சதையை எந்தப் பெயரில் சோதனைக்கு அனுப்புவது? புகையில் வாட்டிய பன்றித் தொடை ஒன்றைக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்று மாதத்தில் அதே இடத்தில் ஒன்று, அக்குளில் ஒன்று. பெல்கிரேடுக்கு ஓடினோம். ரத்தப் புற்று மருத்துவர் தெயோதோரா கட்டியிலிருந்து சதை எடுத்தார். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையும் எடுத்தார். முடிவு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இது ரத்தப் புற்றும்மா. மஜ்ஜைக்கு வெளியில கட்டியா வர்றது ரொம்ப அபூர்வம். வெட்டினா சில சமயம் பச்சை நிறமா இருக்கும். முதல் கட்டியோட ரிப்போர்ட் எங்கே?"

"இல்லைங்க."

"கட்டியை எடுத்தா மட்டும் போதாது. அப்போ மஜ்ஜை சுத்தமாவே இருந்திருக்கலாம். இருந்தாலும் அன்னைக்கே முழு கீமோ கொடுத்திருக்கணும். இப்போ மஜ்ஜை பூரா பரவிடுச்சு. கீமோ ஆரம்பிக்கிறோம். அடங்கினா அவர் தம்பியோட மஜ்ஜையை ஏத்தலாம். அடங்குமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

மருந்து ஏறிக்கொண்டிருந்த கையாலேயே வுகாஷின் என்னைப் பிடித்துக்கொண்டான். "கூம்கிட்ட சொல்லிடாதே. மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

சாகக் கிடக்கிறவனுக்கு வந்த கவலையைப் பாருங்கள்! வெளியே வந்து ராதோயேவுக்கு போன் போட்டு, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழுதால் நானும் சேர்ந்து அழுதுவிடலாம் என்றுகூட இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மாகிட்ட என் பேரைச் சொல்லிட்டியா?"