கழுவக்கூடாத பாட்டில்

ஆல்டன் பிங்க்ஹாம் தன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பனி மொத்தமும் உருகி முடியும்வரை நிறுத்த மாட்டான். முந்நூறு அடி ஆழம் என்று தொடங்கியவன், வீடு விற்பனைக்கு என்று பலகை நட்ட நாளிலிருந்து வாரம் ஐம்பது அடி கூட்டிக்கொண்டே போனான்.

அந்த வீட்டை வாங்கத் துடித்தவள் என் மகள் கொரின். எட்டு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தண்ணீர்ச் சோதனையில் குறை தெரிந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். தாண்டினால் வீடும் கிணறும் அதில் நீந்துவதும் அவள் தலையில்.

"ஆள வச்சு எடுக்கலாம்ப்பா."

"பாட்டில்ல தண்ணி பிடிக்க ஆளா? முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவனுக்குக் குழாயத் திறக்கத் தெரியாதா?"

திங்கட்கிழமை ஆல்டன் வீட்டுக்குப் போனேன். குழாய் முனையிலிருந்த சல்லடையைக் கழற்றி, தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். சோதனைக்கூடத்தார் கொடுத்த பாட்டிலைத் திறந்தால் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி! எந்தச் சோம்பேறி கழுவாமல் கொடுத்தான்? என் பல் செட்டுக்குக்கூடக் கிடைக்காத மரியாதையோடு அலசி, நிரப்பி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்துதான் குறிப்புச் சீட்டைப் படித்தேன். 'பொடியைக் கொட்டாதீர்கள். பாட்டிலை அலசாதீர்கள்.' எழுத்து ஒவ்வொன்றும் எருமை அளவு இருந்தது.

ஒரு பொடிதானே என்று செவ்வாய் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூப்பைப் பாதியில் வைத்துவிட்டேன். நான் சூப்பை மிச்சம் வைத்தது அதுவே சரித்திரத்தில் முதல் முறை.

புதன்கிழமை கொரின் போனும் கையுமாகச் சமையலறையில் குதித்தாள். "கிருமியே இல்லையாம்ப்பா! பிங்க்ஹாமுக்குச் சொல்லிடறேன்."

"கொரின்... அந்தப் பாட்டில நான் கழுவிட்டேன்."

"கழுவினியா? எத்தன தடவ?"

"மூணு. ஏழாக்கூட இருக்கும்."

அவள் திட்டவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

சோதனைக்கூடத்தை அழைத்தோம். அங்கிருந்த பெண் சொன்னாள்: "அந்தப் பொடிதான் சார் குளோரின முறிக்கும். யாராச்சும் கிணத்துல ப்ளீச் ஊத்தியிருந்தா, பொடி இல்லாத பாட்டில்ல இருக்கற கிருமி வழியிலேயே செத்துரும். நாங்க பாக்கறப்ப சுத்தமாத்தான் தெரியும். வாசன ஏதாச்சும் அடிச்சுதா?"

அடித்தது. நீச்சல் குளம் மாதிரி. நமக்காகத் தொட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறான் பாவம் என்று நான் உருகிப்போயிருந்தேன்.

நேரே ஆல்டன் வீட்டுக்குப் போனோம்.

"ஒரே ஒரு கேன்தான்யா ஊத்துனேன், மெர்ல்! வீட்டுக்கு ஆள் வந்தா நீ பெருக்க மாட்ட? அதே மாதிரிதான். வாசன போகட்டும்னு நேத்து பூரா குழாயத் திறந்து விட்டுட்டேன். மோந்து பாரு."

சோதனைக்கூடத்தார் கூடுதலாகக் கொடுத்திருந்த பாட்டிலில், பொடியைக் கொட்டாமல், இந்தமுறை கொரினே பிடித்தாள். என்னைச் சமையலறை வாசலைத் தாண்ட விடவில்லை. பாட்டில் இருந்த ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, சோதனைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினேன். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுகூட நான் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

வெள்ளி மதியத்துக்குள் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. கொரின் மேசையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது.

இருந்தது, கிருமி.

ஐந்து மணிக்கு முன் கொரின் ஆல்டன் எதிரில் போய் உட்கார்ந்தாள். இடதுபுறம் விலகல் கடிதம். வலதுபுறம், கிணற்றைச் சரிசெய்து மறுசோதனை சுத்தமாக வரும்வரை கெடுத் தேதியைத் தள்ளிவைக்கும் தாள்.

"நாப்பது வருஷமா குடிக்கறேன்மா, எனக்கு என்ன ஆயிருச்சு?"

"உங்களுக்கு எழுபத்தஞ்சு வயசு, மிஸ்டர் பிங்க்ஹாம். இது இன்னும் பொறக்கவே இல்ல."

ஆல்டன் ஜன்னல் வழியே கிணற்றைப் பார்த்தான். கிணற்று மூடியில் விரிசல் இருக்கிறது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது, இரண்டு வருடமாகத் தெரியும் என்று கடைசியில் முனகினான். தேதியைத் தள்ளிவைக்கும் தாளைத் தன் பக்கம் இழுத்தான்.

கையெழுத்துப் போடும்போது மணி நான்கு ஐம்பத்தெட்டு.

"காப்பி போடட்டுமா?" என்றான், பழக்கதோஷத்தில்.

கொரின் தாளை மடித்துப் பையில் வைத்தாள். "தண்ணி கலக்காத பால் இருந்தா குடுங்க."