படுத்தபடி படிக்கும் கண்ணாடி

கண்ணாடிக் கடையின் பின்கட்டில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் ஒரு ஊரையே நடத்திக்கொண்டிருந்தாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் புழங்கும் ஊர். சொந்தமாக வலைப்பதிவு எழுதுகிறவர்களும், விளம்பரச் சந்தடி இல்லாமல் நாலு வார்த்தை பேச வந்தவர்களும் கூடுகிற திறந்த சமூக வலைத்தளம். இந்த மாதிரித் தளங்கள் உலகத்தில் ஏராளம். ஒவ்வொன்றையும் இவளைப் போல யாராவது ஒருத்தர் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்துவார். ஒரு தளத்தில் இருப்பவர் இன்னொரு தளத்தில் இருப்பவரோடு தாராளமாகப் பேசலாம். அங்கே அவளுக்குப் பெயர் கண்ணாடி அக்கா.

கடை முதலாளியான அவள் அண்ணனுக்கு இதைக் கண்டாலே ஆகாது. "சம்பளமில்லாத தலைவி வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பான், கடையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லாதபோதும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அடி இழுப்பறையில ஒன்னு தூங்குதே, அதை வித்துட்டு வந்து என்னைப் பேசுண்ணா" என்பாள். யாரோ விற்பனையாளரின் வாய்ஜாலத்தில் மயங்கி அவன் வாங்கிப் போட்ட கண்ணாடி அது. மல்லாந்து படுத்து நெஞ்சின்மேல் புத்தகத்தை வைத்தால், கழுத்தைத் தூக்காமலே எழுத்து தெரியும். உள்ளே தடித்த முக்கோணக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு. சோம்பேறிக் கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடமாக ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அவளுடைய ஊரில் இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டையும் அவளே எழுதினாள். முதலாவது, எந்தப் பதிவும் பதில் இல்லாமல் தனியாக நிற்கக் கூடாது. யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அவளாவது போய் "வாங்க, படிச்சேன்" என்று எழுதிவிட்டு வருவாள். இரண்டாவது, வேறொரு தளத்திலிருந்து ரவுடிகள் வந்து அந்தத் தளத்தையே மொத்தமாகத் தடை செய்ய வேண்டி வந்தால், அதற்கு முன்னால் அங்கிருக்கும் நல்லவர்களைத் தேடி, ஆளுக்கொரு கடிதம் எழுதி, இங்கே இடம் கொடுக்க வேண்டும். ஏனென்றால் தடை செய்யப்பட்டவருக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார், எழுதியது இந்தப் பக்கம் வந்து சேராது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு அடுத்த தளத்தில் இருந்தவர்தான் லிஃப்ட்காரர். மின்தூக்கி பழுது பார்ப்பவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மனிதர்கள் என்னென்ன பேசிக்கொள்வார்கள் என்று அந்தத் தளத்திலேயே இருந்த தன் வலைப்பதிவில் வாரம் ஒன்று எழுதுவார், அது இவள் ஊருக்கும் வந்து சேரும். விவாகரத்து வாங்கப் போன தம்பதி, லிஃப்ட் நின்ற நாற்பது நிமிடத்தில் மனசு மாறித் திரும்பிப் போன கதையைப் படித்துவிட்டு அவள் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. படிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அவள் ஊர்க்காரர்கள்தான். அவள் எழுதும் பதில்களைத் தன் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவதாக ஒருமுறை எழுதியிருந்தார்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. புதிதாக வந்திருந்த தையல்காரப் பெண் ஒருத்தி, தான் முதன்முதலாகத் தைத்த கோட்டின் படத்தைப் போட்டிருந்தாள். லிஃப்ட்காரரின் தளத்திலிருந்து இருபது முப்பது பேர் புகுந்து, அவள் உடம்பைப் பற்றி வாய் கூசும்படி எழுதினார்கள். அந்தத் தளத்தை நடத்துகிறவனையோ காணவே காணோம். கண்ணாடி அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கடையின் முன்பக்கம் ஒரு வாடிக்கையாளர், புதுக் கண்ணாடியில் எழுத்து அலைகிறது என்று சண்டைக்கு நின்றார். அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மொத்தத் தளத்தையும் தடை செய்யும் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு எழுந்து போனாள். கடிதத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. தையல்காரப் பெண்ணைத் தேற்றினாள், ஊர் அமைதியானது, எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். லிஃப்ட்காரரைக் காணோமே என்று ஒருநாள் தோன்றியது. வேலை அதிகம் போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனுஷ மனசுக்குச் சாக்கு சொல்லவா தெரியாது.

ஐந்து மாதம் கழித்து அதே தையல்காரப் பெண்தான் எழுதினாள். "அக்கா, உங்க பக்கத்தோட ஓரத்துல நண்பர்கள் பதிவுன்னு ஒரு பட்டியல் இருக்கே, அதுல லிஃப்ட்காரர்னு ஒருத்தரைத் தட்டிப் பார்த்தேன், நேரா அவர் வலைப்பதிவுக்கே போச்சு. உங்களை ஏதோ கேட்டிருக்காரு. நீங்க பதிலே சொல்லலையே?"

திறந்து பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு ஒன்பது பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் மறுமொழி இல்லை என்று இருந்தது. முதல் பதிவில், மனைவி படுக்கையில் விழுந்துவிட்டதாகவும் இனி எழ மாட்டாள் என்று மருத்துவர் சொன்னதாகவும் எழுதியிருந்தார். ஆறாவது பதிவு இரண்டே வரி. "கண்ணாடி அக்காவுக்கு ஒரு கேள்வி. படுத்துக்கிட்டே படிக்கிற மாதிரி கண்ணாடி ஏதாவது உண்டான்னு வீட்டுல கேக்கச் சொன்னாங்க." ஒன்பதாவதில் மனைவி போய்விட்டாள் என்பது மட்டும் இருந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

தடையை நீக்கினாள். நடந்ததை ஒளிக்காமல் மின்னஞ்சலில் எழுதி, கடைத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது. மறுநாள் மதியம் அவரே கூப்பிட்டார்.

"அக்காங்களா? நான் லிஃப்ட் பேசுறேன். நீங்க என்னை மன்னிக்கணும்."

"ஐயோ, என்னங்க நீங்க! தப்புப் பண்ணது நான்."

"இல்லைங்க, முழுசாக் கேளுங்க. பதில் வரலைன்னதும், எதையோ தப்பா எழுதிட்டேன் போல, அதான் ஒதுங்கிட்டாங்கன்னு நெனச்சேன். நேராக் கேக்கக் கூச்சம். ஆனா வீட்டுல தினமும் கேப்பா, அக்கா என்ன எழுதியிருக்காங்கன்னு. யாரும் எழுதலைன்னு அவகிட்ட எப்படிங்க சொல்றது? நானே உங்க பேர்ல ஒன்னு மனசுலயே புனைஞ்சு, போனைப் பாத்துப் படிக்கிற மாதிரி படிச்சுக் காட்டினேன். ரெண்டு மாசம் அப்படியே ஓட்டினேன்."

"அவ சும்மா இருப்பாளா? 'என்னங்க, அக்கா இப்பல்லாம் உங்கள மாதிரியே பேசுறாங்க'ன்னா." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"அந்தக் கண்ணாடி..." என்றாள்.

"அதுக்கும் நானே பதில் சொல்லிட்டேங்க. உண்டு, அனுப்பி வெக்கிறேன்னு நீங்க சொன்னதா. நீங்க எழுதுறதைத் தன் கண்ணாலயே படிக்கணும்னு அவளுக்கு ஆசை. பார்சல் வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. தபால்ல தாமதம்னு சொல்லிச் சொல்லி..." அவர் நிறுத்தினார். "அப்படி ஒரு கண்ணாடி நெஜமாவே இருக்குங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் சொல்லியிருந்த பொய்களோடு தன் பொய்யையும் சேர்க்க வாய் வரவில்லை.

"இருக்குங்க. என் கடையிலயே இருக்கு."

"சரி" என்றார் அவர்.

"எங்க தளத்துலயே உங்களுக்கு இடம் போட்டுத் தரேன். மறுபடியும் எழுதுங்க. எல்லாரும் கேக்குறாங்க" என்று கெஞ்சினாள். எல்லாரும் கேட்கவில்லை, அவளுக்கு அது தெரியும்.

"எழுதி யாருக்குங்க வாசிச்சுக் காட்டுறது? நல்லா இருங்க, அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க." வைத்துவிட்டார்.

அவள் அடி இழுப்பறையை இழுத்து அந்தக் கண்ணாடியை எடுத்தாள். தூசியைத் துடைத்தாள். கண் பரிசோதிக்கும் நாற்காலியைப் பின்னால் சாய்த்து மல்லாந்து படுத்து, அதை மாட்டிக்கொண்டு, செல்போனை நெஞ்சின்மேல் வைத்தாள். முகம் கூரையைப் பார்த்தபடி இருக்க, லிஃப்ட்காரரின் பதிவு கண்ணெதிரே நேராக நின்றது. அண்ணன் உள்ளே வந்தான். வாயில் வந்த கேலியை, அவள் காதோரம் கண்ணீர் வழிவதைப் பார்த்ததும் விழுங்கிவிட்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

ஒன்பது பதிவுகளையும் அப்படியே படுத்துப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் "வாங்க, படிச்சேன்" என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் பேரில் அவர் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார். ஆறாவது பதிவுக்கு மட்டும் திரும்பி வந்தாள்.

"உண்டு. இப்பதான் போட்டுப் பார்த்தேன். எழுத்து நல்லாத் தெரியுது" என்று எழுதினாள்.

பதிவின் கீழே மறுமொழி ஒன்று என்று காட்டியது.