பரீட்சைக்கு ஒரு ஜெபம்

ஞானசுந்தரிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பகலெல்லாம் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் கால் கடுக்க நின்று, வீட்டுக்கு வந்து சோறாக்கி, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் லேப்டாப்பைத் திறந்து மூன்று வருடம் ஆன்லைனில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் அவள். கடைசி செமஸ்டரின் கடைசித் தாளை எழுதி முடித்தாயிற்று என்று மூச்சு விட்ட நேரத்தில் யுனிவர்சிட்டியிலிருந்து மெயில் வந்திருந்தது. தேர்வு நேரத்தில் வேறு ஆட்களின் குரல் கேட்டதாம். யாரோ விடை சொல்லிக் கொடுத்தார்களோ என்று சந்தேகமாம். விசாரணையில் நிரூபணமானால் செமஸ்டர் ரத்து, ஒரு வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது.

ஒரு வருடம் என்றால் எல்லாமே போச்சு. ஆம்பூரில் அவள் வேலை பார்க்கும் அதே கம்பெனியின் மாடியில், வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதும் ஆபீஸில் ஒரு இடம் காலியாகப் போகிறது. அந்த ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் முனவ்வர் பேகம் உடைத்தே சொல்லியிருந்தாள். "உன் இங்கிலீஷ் எனக்குத் தெரியும்மா. டிகிரி இல்லாம மேல கூட்டிக்கினா முதலாளி பேஜார் பண்ணுவாரு. ஜூன் வரைக்கும் சீட்டைப் புடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மெயிலைப் படித்த அவள் கணவன் ஜெயகரன் தலையை மெல்ல ஆட்டினான்.

"தேவ சித்தம் இதுதான்னா நாம இன்னா பண்ண முடியும் ஞானம்? மனசை வுட்டுடாத."

முகத்தில் என்ன ஒரு சாந்தம். கையிலிருந்த ஈரத்துணியை அந்த முகத்தில் வீசி அடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு. குரல் கேட்டதாமே, அந்தக் குரல்களை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தவனே இந்த ஆள்தான்.

தேர்வு சனிக்கிழமை. ஒரு வாரமாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "ஒரு ஈ, காக்கா வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. கேமரா பாத்துக்கினே இருக்கும், மைக் கேட்டுக்கினே இருக்கும். பக்கத்துல பேச்சு சத்தம் கேட்டாலே சந்தேகப்படுவாங்க." எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று மண்டையை ஆட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் போய், நாளைக்கு என் மனைவிக்குப் பரீட்சை, வீட்டில் வந்து ஜெபிக்க வேண்டும் என்று ஆயரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான். அவர்கள் சபையில் அது வழக்கம்தான். பிரசவமா, விசாவா, கிட்னியில் கல்லா, பெண்கள் சங்கம் பைபிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு யாரும் போவதில்லை.

படுக்கையறைக்குள் அவள் பாதித் தாள் எழுதிக்கொண்டிருக்கையில் கூடத்தில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு, கைத்தட்டல். எழுந்து போய் வாயை மூடச் சொல்லலாம் என்றால், இருக்கையை விட்டு எழுந்தால் தேர்வு முடிந்தது. கத்தலாம் என்றால், வாய் அசைந்தால் அதுவும் குற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். பாவம், வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஞாபகசக்தி தர வேண்டுமென்று ஆயர் ஜெபித்தார். எதிர்வீட்டு விஜயகுமாரி, இவள் பட்ட கஷ்டத்துக்குப் பலன் கொடும் ஆண்டவரே என்று அழுதேவிட்டாள். கடைசியாக வீட்டுக்காரர் ஜெபிக்க வேண்டும். ஜெயகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, உம்முடைய அடியாளாகிய என் மனைவியை உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். அவள் உள்ளத்திலிருக்கிற மேட்டிமையை எடுத்துப்போடும். பெரிய ஸ்தானங்களை இச்சியாதபடிக்கு அவளைத் தாழ்த்தும். இந்தப் படிப்பு உமக்குச் சித்தமில்லையானால் இன்றைக்கே அந்த வழியை அடைத்துப்போடும்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். சபைத் தமிழில் எதைச் சொன்னாலும் பக்தியாகத்தானே கேட்கிறது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஞானசுந்தரியின் விரல்கள் அப்படியே நின்றன. அடப்பாவி. மூன்று வருடமாக, எங்க வீட்ல பி.ஏ. படிக்கிறாங்க என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன். அதே கம்பெனியின் கீழ்த்தளத்தில் அவன் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பெண்டாட்டி தனக்கு மேல், ஏ.சி. ரூமில் உட்காருவதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மிச்சத் தாளை ஆத்திரத்திலேயே எழுதி முடித்தாள்.

அவனிடம் அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், ஜெபம் பண்ணது ஒரு குத்தமா என்று கேட்பான். ஆயரில் தொடங்கி அத்தனை பேரும் அவன் பக்கம் நிற்பார்கள். விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது நெஞ்சிலேயே நின்றது.

விசாரணை ஆன்லைனில்தான். வீட்டிலிருந்த ஒருவரைச் சாட்சியாக உட்கார வைக்கலாம் என்று மெயிலில் போட்டிருந்தது. அவள் கூப்பிடவேயில்லை. ஜெயகரனே வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஜெபக்கூட்டம்னு நான் சொல்றேன். அதுக்கு என் இங்கிலீஷ் போதும்."

உட்கார், நன்றாக உட்கார் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரையில் மூன்று பேர். நடுவிலிருந்த நரைமுடி அம்மாள்தான் தலைவி. தான் கணவன் என்றும், நடந்தது மனைவியை ஆசீர்வதிக்கும் ஜெபம் என்றும் ஜெயகரன் ஆங்கிலத்தில் சொன்னான். அது போதாது என்று ஞானசுந்தரியைப் பார்த்துச் சொன்னாள் தலைவி. தங்கள் மூவருக்கும் தமிழ் தெரியாது. ஒலிப்பதிவைப் போடுவோம், வரிவரியாக நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும், இரண்டு மொழியும் தெரிந்த சாட்சி அது சரிதான் என்று உறுதி செய்தால் இன்றைக்கே முடிவு சொல்லிவிடலாம். இல்லையென்றால் வெளியாள் வைத்துக் கேட்க மூன்று மாதமாகும் என்றாள். மூன்று மாதத்தில் ஜூன் தாண்டிவிடும்.

பாட்டு, ஆயர், விஜயகுமாரி என்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். பிறகு ஜெயகரனின் குரல் வந்தது. பக்கத்தில் அவன் நெளிவது தெரிந்தது. அவள் கேட்டிருப்பாள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது.

"இது மொத்தமும் வேணாம். ஆசீர்வாதம்னு சொல்லிட்டு வுட்டுடு," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தான்.

அவர் என்ன சொல்கிறார் என்று தலைவி கேட்டாள்.

"சுருக்கிச் சொல்லச் சொல்கிறார், மேடம். நான் சுருக்கப் போவதில்லை," என்றாள் ஞானசுந்தரி ஆங்கிலத்தில்.

ஒரு சொல் விடாமல் சொன்னாள். என் மனைவிக்குத் தலைக்கனம், அதை எடுத்துவிடும். பெரிய பதவிக்கு அவள் ஆசைப்படக் கூடாது, அவளைக் கீழே இறக்கும். இந்தப் படிப்பு உமக்குப் பிடிக்கவில்லையென்றால் இன்றைக்கே வழியை அடைத்துவிடும். சபைத் தமிழின் சால்வையெல்லாம் கழன்று, ஆங்கிலத்தில் அது வெறும் பொறாமையாக நின்றது. எந்த வழி என்று தலைவி கேட்டாள்.

"நான் பாஸாகிற வழி, மேடம். பேசுவது என் கணவர். இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான்."

மூன்று பேரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள். பிறகு தலைவி ஜெயகரனைப் பார்த்து, மொழிபெயர்ப்பு சரிதானா என்றாள்.

இப்போதுதான் ஞானசுந்தரிக்குப் பயம் வந்தது. இல்லை என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். அன்றைக்கு ஆண்டவரிடம் கேட்டதை இன்றைக்கு அவனே முடித்துக்கொள்ளலாம். லேப்டாப்பை அவன் பக்கமாக, அவன் முகம் முழுதும் தெரியும்படி திருப்பி வைத்தாள்.

"இன்னா, நாக்கு ஒட்டிக்கிச்சா? அன்னிக்கு அத்தனை பேர் முன்னால சத்தமா சொன்னீங்களே. அதே சத்தத்துல சொல்லுங்க."

"எஸ், மேடம்," என்றான்.

சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றாள் தலைவி.

"எஸ், மேடம். கரெக்ட்."

மூவரும் மைக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். இந்தக் குரல்கள் தேர்வு எழுதியவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை, தாள் செல்லும் என்று தலைவி அறிவித்தாள். கடைசியாக, வாழ்த்துகள் என்று அவளைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

திரை அணைந்தது. ஜெயகரன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். சிரிக்கப் பார்த்தான்.

"பாத்தியா, எப்படியோ ஆண்டவர் நல்லபடியா முடிச்சு வச்சுட்டாரு."

"அவரை இதுல இழுக்காதீங்க," என்றாள் ஞானசுந்தரி. "நீங்க கேட்டதை அவர் குடுக்கல. அதுக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல."