ஓர் இலத்திரனுக்கு ஒரு வீடு

சபியா உம்மா தன் மகனுக்குப் பெண் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்திருந்தேன். நிந்தவூரிலிருந்து வந்து இறங்கியவர் முதலில் தட்டிப் பார்த்தது எங்கள் சுவரை. பிறகு குசினி, கிணறு, கூரை. என் முகம் கடைசியில்தான் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணமும் இல்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் இருந்த பழைய வீட்டைச் சுனாமி என்னைப் பெற்ற உம்மாவோடு சேர்த்துக் கொண்டுபோனது. வாப்பா நாலு வருஷம் பாடுபட்டு இதைக் கட்டி, மூத்தவள் என்று வீட்டு உறுதியை என் பெயரில் எழுதினார். எனக்கோ ஒல்லாந்து நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம் கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் பதில் போட வேண்டும். வாப்பாவுக்கு அதில் விருப்பமா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

"யுத்தமும் முடிஞ்சிட்டு மகள். இஞ்சயே படிப்பிச்சிக்கிட்டு இரிக்கலாமே. அங்க போய் என்னத்தப் படிக்கப் போறீங்க?" என்று கேட்டார் சபியா உம்மா.

"ஒரு இலத்திரனப் புடிச்சி வைக்கப் போறன் மாமி."

சிரித்தார். நான் விடுவதாக இல்லை. குறைகடத்திச் சிப்பில் மின்னழுத்தத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி செய்து, அணுவைச் சுற்றும் இலத்திரன்களில் ஒரேயொன்றை அதில் இருத்தலாம். அதன் சுழற்சி மேல்நோக்கினால் ஒன்று, கீழ்நோக்கினால் பூச்சியம். ஒரே நேரத்தில் இரண்டுமாகவும் இருக்கும். அப்படிப் பலவற்றைக் கோத்தால் இன்றைய கணினிகள் திணறும் சில கணக்குகளைப் போடலாம். சுற்றியுள்ள அணுக்கருக்கள்தான் தொல்லை. சின்னச் சின்னக் காந்தங்களாக இழுத்து அதைக் குழப்பிவிடும். அந்த இழுபறி இல்லாத சுத்தமான சிலிக்கனில் அதை வைத்துப் பார்ப்பதே என் வேலை. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அதுக்கே ஒரு வீடு வேணும் எண்டா, உங்களுக்கு வேணாமா?" என்றார். கெட்டிக்காரிதான்.

"வேணாம் மாமி. இந்த வீட்டத் தங்கச்சி நதீராட பேருக்கு எழுதப் போறன்."

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். தேத்தண்ணி கொண்டுவந்த நதீரா அப்படியே நின்றாள். சபியா உம்மா மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. என்னை விட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கு எத்தின வயசு?"

வாப்பா எழும்பினார். சுனாமிக்குப் பிறகு உம்மாவைத் தேடித் திரிந்த நாட்களில்கூட அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"வீட்டப் பாத்திட்டீங்கதானே. போயிட்டு வாங்க."

வாசல் கேற்றைச் சாத்திவிட்டு வந்தவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் பதில இண்டைக்கே போடு மகள். வாறன் எண்டு எழுது."