ஓரத்தில் வந்த விரல்

கணக்கு வாத்தியாரிடம் பதினோராயிரம் பூப்படங்கள் இருந்தன. மனைவியின் படம் ஒன்றுகூட இல்லை. அவள் போய்ப் பத்து நாளாகிறது. கூடத்துச் சுவரில் மாட்ட மகள் ஒரு படம் கேட்கிறாள்.

"அடையாள அட்டையில இருக்கறது அம்மா மாதிரியே இல்லப்பா. உங்க கேமராவுல ஒண்ணாவது இருக்கும், தேடுங்க."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனுஷன் கேமராவும் கையுமாகத்தான் அலைந்தார். தோட்டம் போட்டது, தண்ணீர் விட்டது எல்லாம் அவள். இவரோ செம்பருத்தியின் மகரந்தம் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கிட்டே போய்ப் படம் எடுப்பார். அவ்வளவு கிட்டத்தில் லேசான காற்றுகூடப் படத்தைக் கலைத்துவிடும். அதனால் அவள் காம்பைக் கீழே பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கால் மரத்துப்போகக் குந்தியிருப்பாள்.

"விரல எடு! படத்துல வருது!" என்று எரிந்து விழுவார்.

"என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

"வெளிச்சம் போயிடும். அப்புறம் பாக்கலாம்."

அந்த அப்புறம் வரவேயில்லை.

இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார். பூ, பூ, மறுபடியும் பூ. ஊரெல்லாம் மெச்சிய தன் படங்களைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. கடைசியில் 'கழிவு' என்று அவரே பெயர் வைத்த போல்டரைத் திறந்தார். அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்தவை அவை.

அதில் ஒரு செவ்வந்தி. ஃபோகஸ் தவறிப்போய், பூ வெறும் மஞ்சள் கலங்கலாகக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு ஆள்காட்டி விரல், அத்தனை துல்லியமாக. நகக்கண்ணில் தோட்டத்து மண். கத்தி பட்ட பழைய தழும்பு. ரேகைகளை எண்ணிவிடலாம்.

வாத்தியார் திரையில் அந்த விரலைத் தொட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் திரையைப் பார்த்தாள்.

"அம்மாதாம்ப்பா" என்றாள். "இதையே மாட்டலாம்."

மறுநாள் காலை பிரிண்ட் கடைக்காரர் படத்தைத் திறந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எப்பவும் பளிச்சுனு கொண்டுவருவீங்களே சார்! இது கலங்கலா இருக்கு. ஓரத்துல விரல் வேற வந்திருக்கு. வெட்டிடட்டுமா?"

"விரல் இருக்கட்டும்" என்றார் வாத்தியார். "பூவ வெட்டிடுங்க."