கைவியளமாய்ப் போன சதம்

சித்திரை வருசப்பிறப்பன்று கௌரி அடுப்படியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, அவளுடைய உயிரைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து புருசனின் தங்கை, மச்சாள் அஜந்தாவின் கையில் கொடுத்துவிட்டார் புருசனின் தாய்மாமன் சிவநேசம் மாமா.

உயிர் என்றால் உயிர்தான். 1858ஆம் ஆண்டுச் செப்புச் சதம். கனடாவின் பெயரில் அடித்த முதற் சதம், கால் டொலர் நாணயக் குற்றியைவிடப் பெரியது. 1920 வரை வந்த அந்தப் பெரிய சதங்களை ஆண்டுவாரியாகச் சேர்ப்பதுதான் கௌரிக்குப் பைத்தியம். அவளுடைய அட்டை ஆல்பத்தில் முதற் குழி மட்டும் பல வருடங்களாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பங்குனிக் கடைசியில் இல்-பிசார் தேவாலயத்துப் பழஞ்சாமான் விற்பனையில், பொத்தான்கள் நிறைந்த பிஸ்கற் ரின்னுக்குள் அது கிடந்தது. கௌரி போட்ட கூச்சலில் விற்ற அம்மா பயந்துபோய் "சா வா, மதாம்?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டுக் கையைப் பிடித்தாள்.

நேரே கொண்டுவந்து குழிக்குள் வைத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் புதிதாய் எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைக்கவேண்டும். வருசத்தன்று எடுக்கலாம் என்று தட்டிலே வைத்தாள், பாவி. அந்தத் தட்டில் இருந்துதான் மாமா எல்லாருக்கும் வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துக் கைவியளம் கொடுத்தார். "நல்ல பாரமான குத்தி, பிள்ளை. பெரிய காசு, பெரிய வருசம்!"

கைவியளத்தைத் திருப்பிக் கேட்பது ஆட்களின் வருசத்து அதிர்ஷ்டத்தையே பிடுங்குவது மாதிரி. கௌரி பொங்கற் கரண்டியோடு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வேறை ஒண்டு வாங்குவமப்பா," என்றான் புருசன் அன்றிரவு.

"வேறை ஒண்டோ! நான் தேடிக் கண்டுபிடிச்சது அது!"

அடுத்த சனிக்கிழமை ஆல்பத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு புரோசார்ட்டுக்கு ரயில் ஏறினாள். ஒரு வெள்ளிக் குற்றியும் கொண்டுபோனாள். மாமா கண் தெரியாமல் மாறித் தந்துவிட்டார், இதுதான் உன்னுடையது என்று சொல்லி மாற்றிவிடலாம். பொய்தான். அதற்கென்ன, ஐம்பத்தெட்டு ஐயா, ஐம்பத்தெட்டு!

கதவைத் திறந்த கையோடு அஜந்தா பாய்ந்து கட்டிப்பிடித்தாள். "மச்சாள், மறுமொழி வந்திட்டுது! பிரெஞ்சுச் சோதனை பாஸ்! இனி நானும் நேர்ஸ்தான்! எல்லாம் மாமான்ரை கைவியளம்!" சட்டைப் பையிலிருந்து அந்தச் சதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள்.

அந்தச் சோதனை பாஸாகாமல் இங்கே நேர்ஸ் வேலை இல்லை; எத்தனை தரம் எழுதி எத்தனை தரம் அழுதவள் அவள். கௌரிக்குச் சந்தோசம் பொங்கியது. ஆத்திரமும் பொங்கியது. கொண்டுவந்த பொய் வெளியே வரவேயில்லை. வெள்ளிக் குற்றி பையிலேயே கிடக்க, உண்மையைக் கொட்டிவிட்டாள். ஆல்பத்தையும் மேசையில் விரித்தாள்.

அஜந்தா கண்ணாடியை வாங்கிச் சதத்தைப் பார்த்தாள்.

"ஓரத்திலை பிடி! முகத்திலை விரல் படக்கூடாது!"

"ஐயோ மச்சாள், ராணின்ரை தலையிலை இலையெல்லே கட்டியிருக்கு! பின்னாலை பாருங்கோ, மேப்பிள் இலைக் கொடி! சுத்திவர முத்து முத்தாய்!" அவள் ஆல்பத்தை இழுத்து ஒவ்வொரு சதமாகப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்குள் பார்க்கப்போய் மண்டை முட்டிக்கொண்டது. தேத்தண்ணீர் ஆறிப்போனது.

கடைசியில் அஜந்தா முதற் பக்கத்துக்கு வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் பிடித்தபடி சதத்தை அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தினாள். கச்சிதமாய் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"முடிஞ்சுதடி! முழுசா முடிஞ்சுது!" கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தை எடுக்கக் கையை நீட்டினாள்.

அஜந்தா ஆல்பத்தை மூடித் தன் மடியில் வைத்தாள்.

"மச்சாள், கைவியளம் வீட்டை விட்டுப் போகக்கூடாதெல்லே."

"அதுக்கு? மிச்சம் முழுக்க என்ரையடி!"

"ஓம். அதுதான் சொல்லுறன், ஒவ்வொரு சனியும் வந்து பாருங்கோ. நானும் சேந்து பாக்கிறன். இப்ப எனக்கும் ஆசை வந்திட்டுது."

கௌரி சிரிக்கவும் போனாள், பறிக்கவும் போனாள். கைத்தொலைபேசியில் புருசன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் எடுக்கவில்லை. ஆல்பத்தின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், மறுமுனையை அஜந்தா. இருவருமே ஓரத்தில்தான் பிடித்திருந்தார்கள்.